கடைக்கால் தோண்டும்போது கிடைக்கும் ரோமானியச் சிலைகள்: லண்டனில் என்ன நடக்கிறது?

கேள்வி: லண்டனில் புதிய கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டும்போது ரோமானியச் சிலையும் பாத்திரங்களும் கிடைத்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. நான் சிவில் என்ஜினியரிங் மாணவன். அப்படிக் கிடைத்துவிட்டால் கட்டட வேலை நின்றுவிடுமா? கிடைத்த பொருள் யாருக்குச் சொந்தம்? ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்தும் மரமும் தோலும்கூட எப்படிக் கெடாமல் வருகின்றன?

பதில்: மூன்றுக்கும் முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இன்றைய லண்டனில் வேலை பெரும்பாலும் நிற்பதில்லை, ஏனென்றால் அகழாய்வுக்கான மாதங்களைக் கட்டுமான அட்டவணையில் முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறார்கள். சிலை நிலத்தின் சொந்தக்காரருக்கே உரியது. மரமும் தோலும் பிழைப்பதற்குக் காரணம் காற்றுப் புகாத ஈரச் சேறு.

இவை மூன்றும் சரியான விடைகள்தான். ஆனால் நீங்கள் கட்டுமானத் துறைக்கு வரப்போகிறவர் என்பதால் இவற்றோடு நிறுத்திவிட எனக்கு மனமில்லை. ஒரு சிலையின் கதி அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவாவதில்லை. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கட்டட வரைபடம் முடிவாவதற்கு முன்பு பார்த்தார்களா, பின்பு பார்த்தார்களா என்பதே அதை முடிவு செய்கிறது. லண்டனின் வால்புரூக் பகுதியே இதற்குச் சிறந்த சாட்சி. அங்கே சில பத்து மீட்டர் சுற்றளவுக்குள் மூன்று வெவ்வேறு காலங்களில் மண் திறக்கப்பட்டது. மூன்று முறையும் ஏராளமாகக் கிடைத்தது, ஆனால் நமக்குத் தெரியவந்தது ஒவ்வொரு முறையும் வேறு அளவு.

வால்புரூக் என்பது ரோமானிய நகரமான லண்டினியத்தின் நடுவே ஓடி தேம்ஸ் ஆற்றில் கலந்த ஓர் ஓடை. இன்று அது கண்ணுக்குத் தெரியாது. வங்கிகளும் அலுவலகங்களும் அதன் மேல் நிற்கின்றன. 1889-ல் அங்கே ஏதோ ஒரு தோண்டும் வேலையில் தொழிலாளர்கள் ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பத்தைக் கண்டெடுத்தார்கள். மித்ராஸ் என்ற தெய்வம் காளையின் மேல் ஏறி அதைக் குத்திக் கொல்லும் காட்சி. அதைச் சுற்றி வட்டமாகப் பன்னிரண்டு இராசிகள். மேல் மூலைகளில் தேரில் ஏறிவரும் சூரியனும் இறங்கிப்போகும் சந்திரனும். கீழ் மூலைகளில் காற்றுத் தெய்வங்களின் முகங்கள். இரண்டாம் அகஸ்டா படைப்பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற உல்பியஸ் சில்வானஸ் என்பவர் தன் வேண்டுதலை நிறைவேற்றி இதை வைத்தார் என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. இவ்வளவு விவரமான சிற்பம் கிடைத்தும் அது எந்தக் கட்டடத்தில் இருந்தது, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அது ஒரு சேகரிப்பாளரின் கைக்குப் போனது. லண்டனில் மித்ராஸ் வழிபாடு இருந்தது என்பதற்கு மேல் அந்தக் கல்லால் எதையும் சொல்ல முடியவில்லை. அதன் முகவரி தெரியவர 65 ஆண்டுகள் ஆயின.

1940-41 குண்டுவீச்சில் லண்டனின் இந்தப் பகுதி பெரிய அளவில் இடிந்துபோயிற்று. போர் முடிந்ததும், புதிய கட்டடங்கள் எழுவதற்கு முன் கிடைத்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள அகழாய்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அகழாய்வுகளை நடத்தியவர் வில்லியம் ஃபிரான்சிஸ் கிரைம்ஸ். அவர் லண்டன் அருங்காட்சியகத்தின் இயக்குநர். அந்தப் பொறுப்பில் அவருக்கு முன் இருந்தவர் மார்டிமர் வீலர். 1945-ல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய அதே வீலர்தான். இந்தத் தொடர்பைச் சும்மா ஒட்டவைக்கவில்லை. அரிக்கமேட்டில் கிடைத்த இத்தாலியச் சிவப்புப் பளபளப்புப் பாண்டங்களின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவை கிடந்த அதே மண்ணடுக்கில் இருந்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் அதைக்கொண்டு வீலர் காலம் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஓர் உறுதியான காலக்கணக்கு அப்படித்தான் கிடைத்தது. அந்த ஓடுகளை யாராவது வயலில் பொறுக்கி மேசை மேல் வைத்திருந்தால் அவை வெறும் ஓடுகள்தான். ஒரு பொருளைப் பேசவைப்பது அது கிடந்த இடம்.

கிரைம்ஸின் கையில் இருந்தது சிறிய குழு, சொற்பப் பணம். இடிந்த கட்டடங்களின் நிலவறைகளுக்குள் குறுகிய பள்ளங்கள் வெட்டிப் பார்க்கவே அவரால் முடிந்தது. வால்புரூக் ஓடையின் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று அறியத்தான் அவர் அங்கே இறங்கினார். கிடைத்தது ஒரு கோயில். நீண்ட மண்டபம், இருபுறமும் ஏழேழு தூண்கள், மேற்குக் கோடியில் அரைவட்டமான கருவறை. கி.பி. 240 வாக்கில் கட்டப்பட்டது. எந்தத் தெய்வத்தின் கோயில் என்று திட்டமாகத் தெரியாமலேயே அகழாய்வின் கடைசி நாளாகக் குறித்திருந்த நாள் வந்துவிட்டது. அது 1954 செப்டம்பர் 18, சனிக்கிழமை. அன்றுதான் மித்ராஸின் பளிங்குத் தலை வெளியே வந்தது.

அந்தத் தலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முன்பக்கம் வளைந்த கூம்புத் தொப்பி அணிந்த ஓர் இளைஞனின் முகம். காளையைக் கொல்லும்போது மித்ராஸ் அதைப் பார்ப்பதில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறான். அந்தத் திருப்பம் இந்தத் தலையிலும் தெரிகிறது. கழுத்தில் கோடரி போன்ற ஒன்றால் வெட்டுப்பட்ட தடம் இருக்கிறது. பளிங்கு இத்தாலியின் கராரா மலையிலிருந்து கடல் கடந்து வந்தது. சிலை வடிக்கத்தக்க பளிங்கு பிரிட்டனில் கிடைக்காது. இதனோடு வேறு தெய்வங்களின் சிலைகளும், அதாவது மினெர்வாவின் தலை, தலைமேல் தானியம் அளக்கும் மரக்காலைச் சுமந்த செராபிஸின் தலை, பாறைமேல் அமர்ந்த மெர்குரி ஆகியவையும் கோயில் தரைக்கடியில் புதைக்கப்பட்டிருந்தன. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ இவற்றைக் குழிதோண்டி உள்ளே வைத்து மேலே தரை போட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்குப் பயந்து பக்தர்களே ஒளித்துவைத்தார்களா, கோயில் வேறு தெய்வத்துக்கு மாறியபோது பழைய சிலைகளை மரியாதையோடு அடக்கம் செய்தார்களா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. விவாதிக்க முடிகிறது என்பதே பெரிய விஷயம். அவை தரைக்கடியில் கிடந்ததைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தவர் ஒருவர் இருந்ததால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. 1889-ல் கிடைத்த காளைச் சிற்பத்துக்கும் இப்போதுதான் வீடு தெரிந்தது.

செய்தி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படத்தோடு வந்ததும் மக்கள் திரண்டார்கள். குண்டுவீச்சின் இடிபாடுகள் இன்னும் அகலாத நகரத்தில், உணவுப் பங்கீடு அந்த ஆண்டில்தான் முடிவுக்கு வந்திருந்த நாட்டில், ஒரு பழைய கோயிலின் கற்சுவரைப் பார்க்க நீண்ட வரிசை நின்றது. சுமார் இரண்டு வாரங்களில் 4 லட்சம் பேர் வந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. சர்ச்சிலின் அமைச்சரவையே இதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

ஆனால் அங்கே கட்டவிருந்த அலுவலகக் கட்டடத்தின் வரைபடம் அதற்குள் முடிந்திருந்தது, ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. கோயிலை அதே இடத்தில் விட்டுவைக்க வேண்டுமென்றால் கட்டடத்தை மறுபடி வடிவமைக்க வேண்டும், அதற்கு இழப்பீடு தர வேண்டும். அரசு அவ்வளவு பணம் தரத் தயாராக இல்லை. நிலச் சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்தும் வழியும் இல்லை. கற்களைப் பெயர்த்து அடுக்கிவைத்து, 1962-ல் சுமார் நூறு மீட்டர் தள்ளி விக்டோரியா அரசி தெருவில் திறந்தவெளியில் மறுபடி கட்டினார்கள். நவீன சிமென்ட் கலவை, தோட்டத்தில் பாவுவது போன்ற உடைகல் தரை. நிலத்துக்குக் கீழே இருட்டுக் குகையாக எண்ணி வழிபட்ட கோயில், வெயிலிலும் மழையிலும் தெருவோரத்தில் கிடந்தது. கிரைம்ஸே அதைப் பொருளற்றது என்று குறைகூறினார். பார்த்தவர்கள் பலருக்கும் ஏமாற்றம்தான்.

கிரைம்ஸிடம் திறமைக் குறைவு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவ்வளவு நெருக்கடியில் அவர் பதிவுசெய்தது வியப்புக்குரியது. அவரிடம் இல்லாதது காலம். கோயிலைத் தவிர, அதே மனையில் அவர் கைபடாத மண் ஏராளமாக இருந்தது. அதில் எவ்வளவு லாரிகளில் ஏறிப்போயிற்று என்று எண்ணினால் மனம் வலிக்கிறது.

அதிர்ஷ்டவசமாக முழுவதும் போகவில்லை. அந்த அலுவலகக் கட்டடமும் பழசாகி இடிக்கப்பட்டது. 2010-ல் ப்ளூம்பெர்க் நிறுவனம் தன் ஐரோப்பியத் தலைமையகத்துக்காக அந்த இடத்தை வாங்கியது. இந்த முறை கட்டடம் எழுவதற்கு முன்பே அகழாய்வு திட்டத்தில் இருந்தது. 2010 முதல் 2014 வரை MOLA என்ற தொல்லியல் அமைப்பைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஏழு மீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். சுமார் 3,500 டன் மண்ணைக் கையாலேயே அகற்றினார்கள். கிடைத்தவை 14,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். செருப்புகள், எழுத்தாணிகள், ஒரு மரக்கதவு, கிளாடியேட்டரின் தலைக்கவச வடிவில் செதுக்கிய சிறிய அம்பர் தாயத்து என்று பட்டியல் நீளும். ஆனால் என்னைக் கேட்டால் அத்தனையிலும் தலையாயது மித்ராஸின் தலைக்கு ஈடாகக் கண்ணைக் கவரும் எதுவும் அல்ல. கைக்கு அடக்கமான மரப்பலகைகள்தான்.

இவை மெழுகுப் பலகைகள். வெளிநாட்டிலிருந்து மதுபானமும் மற்றவையும் வந்த ஃபர் மரப் பீப்பாய்களை உடைத்து, அந்தப் பலகைகளில் நடுவே சிறிது குடைந்து, கரி கலந்த தேன்மெழுகை ஊற்றி நிரப்பினார்கள். எழுத்தாணியால் கீறினால் கருப்பு மெழுகுக்குள்ளிருந்து மரத்தின் வெளிர்நிறம் தெரியும், அதுதான் எழுத்து. மெழுகு காலப்போக்கில் அழிந்துவிட்டது. அழுத்தி எழுதிய இடங்களில் மட்டும் எழுத்தாணி மரம்வரை இறங்கி மெல்லிய கீறல்களை விட்டிருக்கிறது. ஒரே பலகையில் பல முறை எழுதியிருந்தால் கீறல்மேல் கீறல். பல கோணங்களிலிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சிப் படமெடுத்து, அந்தக் கீறல்களின் நிழலைக்கொண்டு ராஜர் டாம்லின் என்ற லத்தீன் எழுத்து அறிஞர் வாசித்தார். கிடைத்தவை 405 பலகைகள். வாசிக்க முடிந்தவை எண்பதுக்கும் மேல். அதுவரை லண்டன் முழுவதிலும் வாசிக்கத்தக்கதாக இருந்தவை 19 மட்டுமே.

அவற்றில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 அன்று எழுதியது. வெனுஸ்டஸிடமிருந்து விடுதலை பெற்ற அடிமையான திபுல்லஸ், ஸ்பூரியஸிடமிருந்து விடுதலை பெற்ற அடிமையான கிராட்டஸுக்கு, விற்றுக் கையில் கொடுத்துவிட்ட சரக்குக்காக 105 டெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) தர வேண்டியிருக்கிறது. அவருக்கோ இந்த விஷயத்தில் உரிமை உள்ள மற்றவருக்கோ அதைத் தருவேன் என்று எழுதிக்கொடுக்கிறார். நம் ஊர்ப் புரோநோட்டின் வாசகத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ரோமானியர்கள் பிரிட்டனைக் கைப்பற்றத் தொடங்கியது கி.பி. 43-ல். பதினான்கே ஆண்டுகளில் இரண்டு முன்னாள் அடிமைகள் அங்கே கடனுக்குச் சரக்கு வாங்கி விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு பலகை கி.பி. 62 அக்டோபர் 21 தேதியிட்டது. வெருலாமியம் நகரத்திலிருந்து லண்டனுக்கு நவம்பர் 13-க்குள் இருபது சுமை உணவுப்பொருள் கொண்டுவர ஒப்பந்தம். சுமைக்குக் கால் டெனாரியஸ் கூலி. பார்ப்பதற்குச் சாதாரணக் கணக்கு. ஆனால் கி.பி. 60-61-ல், ரோமானியரை எதிர்த்துக் கலகம் செய்த பூடிக்கா அரசியின் படை லண்டன், வெருலாமியம் இரண்டையுமே கொளுத்தித் தரைமட்டமாக்கியிருந்தது. லண்டன் நகருக்கடியில் இன்றும் தோண்டுபவர்கள் சுட்ட செம்மண் அடுக்கு ஒன்றைக் காண்கிறார்கள். அது அந்தத் தீயின் மிச்சம். அதிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் இரண்டு நகரங்களுக்கும் இடையே வண்டி ஓடியிருக்கிறது என்று சொல்வது இந்தப் பலகைதான். எந்த வரலாற்றாசிரியரும் இதை எழுதிவைக்கவில்லை. இன்னொரு பலகையில் முகவரியாக ‘லண்டனில் மொகோன்டியஸுக்கு’ என்று இருக்கிறது. கி.பி. 65-80 காலத்தது. லண்டன் என்ற பெயர் எழுத்தில் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது அதுவே.

இவை சேற்றில் எப்படிப் பிழைத்தன என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் விடை. மரத்தையும் தோலையும் தின்பவை பூஞ்சையும் பாக்டீரியாவும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். வால்புரூக் கரையைத் தூர்த்து மேடாக்க ரோமானியர்களே குப்பையையும் மண்ணையும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடையின் ஈரம் அதை எப்போதும் நனைத்துவைத்திருந்தது. காற்றுப் புகாத அந்த ஈர மண்ணில் அழுகல் ஏறக்குறைய நின்றுவிடும். பித்தளைக் காசுகள்கூடப் பச்சை பிடிக்காமல் பொன்னிறமாக வெளிவருவதுண்டு. ஆபத்து தொடங்குவது வெளியே எடுத்த பிறகுதான். ஈரமரம் காற்றில் உலர்ந்தால் சுருங்கி, வெடித்து, முறுக்கிக்கொள்ளும். எழுத்துக் கீறல் இருந்த இடமே தெரியாது. ஆகவே எடுத்தவுடன் தண்ணீரில் போட்டுவைத்து, பிறகு மெழுகுத்தன்மை கொண்ட பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைத்து, உறைநிலையில் உலர்த்துகிறார்கள். மரத்தின் கண்ணறைகளில் தண்ணீர் இருந்த இடத்தை அந்தப் பொருள் நிரப்பிக்கொள்வதால் வடிவம் குலைவதில்லை.

ஒரு பொறியாளர் கவனிக்க வேண்டிய செய்தியும் இதில் இருக்கிறது. பக்கத்து மனையில் ஆழமான நிலவறை கட்டி நிலத்தடி நீரை இறைத்தால், தொடாமல் விட்ட மண்ணும் உலர ஆரம்பிக்கும். ‘மேலே கட்டிக்கொள்கிறோம், கீழே இருப்பதை அப்படியே விட்டுவிடுகிறோம்’ என்ற ஏற்பாட்டுக்குக் கொள்கை அளவில் நல்ல பெயர் உண்டு. ஈரமண்ணில் அது எப்போதும் பாதுகாப்பு அல்ல என்பது என் கருத்து. கட்டடத்தைத் தாங்க மண்ணில் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூணான பைல் இறங்கும் இடம் சிதைகிறது. இறங்காத இடத்தில் நீர்மட்டம் மாறுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சில இடங்களில் முழுமையாகத் தோண்டிப் பதிவுசெய்துவிடுவதே நேர்மையான வழி.

இனி வேலை நிற்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1989-ல் தேம்ஸின் தென்கரையில் ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் ஒரு அலுவலகக் கட்டட வேலையில் வெளிப்பட்டது. அது ரோமானியக் காலத்தது அல்ல, எலிசபெத் அரசி காலத்தது. ஆனால் அதைக் காக்க நடந்த போராட்டம் நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. மறு ஆண்டு, 1990-ல், திட்ட அனுமதிக்கான அரசு வழிகாட்டுதல் ஒன்று வந்தது. தொல்லியல் சான்றுகள் இருக்கக்கூடிய இடத்தில் கட்ட விரும்புபவர், அனுமதி கேட்கும்போதே அதை ஆராய்ந்து சொல்ல வேண்டும். அவர் கட்டடத்தால் அழியப்போவதைப் பதிவுசெய்யும் செலவையும் அவரே ஏற்க வேண்டும். வழிகாட்டுதலின் பெயரும் எண்ணும் பின்னர் மாறின. அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை.

நடைமுறையில் முதலில் பழைய வரைபடங்களையும் அக்கம்பக்க அகழாய்வு அறிக்கைகளையும் வைத்து மதிப்பீடு எழுதுவார்கள். பிறகு நிலவறைத் தரையை உடைத்துச் சோதனைக் குழிகள். அதில் கிடைப்பதைப் பொறுத்து முழு அகழாய்வு வேண்டுமா, எத்தனை வாரம், எந்த ஆழம் வரை என்று அனுமதி நிபந்தனையில் எழுதப்படும். எனவே செய்தியில் ‘எதிர்பாராமல் கிடைத்தது’ என்று வந்தாலும், எதிர்பார்த்து இறங்கிய ஆட்கள்தான் பெரும்பாலும் அதைக் கண்டெடுத்திருப்பார்கள்.

2013 செப்டம்பரில் நகரின் கிழக்கு எல்லையில், மினரீஸ் தெருவில், பதினாறு மாடி ஹோட்டல் ஒன்றுக்கான மனையில் கிடைத்த கழுகு அப்படிப்பட்டது. அகழாய்வின் கடைசி நாளில் கிடைத்தது. உயரம் 65 சென்டிமீட்டர். அலகில் ஒரு பாம்பைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. பாம்பு வளைந்து நெளிகிறது, அதன் பிளவுபட்ட நாக்குகூடத் தெரிகிறது. கழுகின் இறகுகள் ஒவ்வொன்றாக உளியில் பிரித்தெடுக்கப்பட்டிருக்கின்றன. பின்புறம் மட்டும் செதுக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு கல்லறை மண்டபத்தின் மாடத்தில், சுவரை ஒட்டி நின்றிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். சேதமே இல்லாமல் இருந்ததால் கண்டெடுத்தவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. விக்டோரியா காலத்துத் தோட்டச் சிலையாக இருக்குமோ என்று தயங்கினார்கள். தயக்கத்தைத் தீர்த்தது மண்தான். அது கிடந்த சாலையோரப் பள்ளம் ரோமானியக் காலத்திலேயே தூர்ந்தது. பள்ளத்தின் மண் கழுகுக்கு முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று காலம் சொன்னது. ஒரு மண்வாரி இயந்திரம் அதே கழுகை அள்ளி மேலே போட்டிருந்தால், கல் பிழைத்திருந்தாலும் அதன் வயதை நிறுவுவது பெரும்பாடாகியிருக்கும்.

கல் கோட்ஸ்வோல்ட் பகுதிச் சுண்ணாம்புக் கல். அதாவது பிரிட்டனிலேயே, அந்த மண்ணின் கல்லில் வடித்த சிலை. நல்ல சிற்பம் என்றால் இத்தாலியிலிருந்து வந்திருக்கும், உள்ளூர்க் கைவேலை முரடாகத்தான் இருக்கும் என்று நெடுங்காலம் பேசப்பட்டதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

மித்ராஸின் தலையும் கடைசி நாளில் கிடைத்தது, கழுகும் கடைசி நாளில் கிடைத்தது. பலர் இதை விந்தை என்று சொல்வார்கள். எனக்கு இதில் விந்தை தெரியவில்லை. அகழாய்வு மேலிருந்து கீழே போகிறது. பழைய பள்ளங்களின் அடியும் தரைகளின் அடியும் கடைசியில்தான் வரும். ஆகவே ‘ஒரு வாரம் முன்னதாக முடித்துக்கொடுங்கள்’ என்று கேட்கும்போது, வெட்டப்படுவது மிக முக்கியமான வாரம். நீங்கள் நாளை ஒரு திட்டத்தின் அட்டவணை போடும் இடத்தில் இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

இடம் மாறிய கற்களைப் பற்றியும் ஒன்று. ரோமானியர்கள் தங்கள் பழைய கல்லறைகளையும் வளைவுகளையும் உடைத்து, பிற்காலத்தில் நகரச் சுவருக்கும் காவல் கோபுரங்களுக்கும் கல்லாகப் பயன்படுத்தினார்கள். பூடிக்கா கலகத்துக்குப் பிறகு மாகாணத்தின் நிதி அதிகாரியாக வந்த கிளாசிகியானஸின் கல்லறைக் கல் அப்படிச் சிதறியது. டவர் ஹில் அருகே 1852-ல் ஒரு பகுதி கிடைத்தது. 1935-ல், சுரங்க ரயிலுக்கான மின் துணைநிலையம் கட்டும்போது மறுபகுதி கிடைத்தது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடும் அதே மனிதர். கல்லறையை எழுப்பிய மனைவி ஜூலியா பகாட்டாவின் பெயரும் அந்தக் கல்லில் இருக்கிறது. 83 ஆண்டு இடைவெளியில் கிடைத்தவற்றை ஒன்றுசேர்க்க முடிந்தது, முதல் துண்டை எறியாமல் வைத்திருந்ததால்.

யாருக்குச் சொந்தம்? பொன், வெள்ளிப் புதையலுக்கு 1996-ன் புதையல் சட்டம் தனி விதி வைத்திருக்கிறது. கற்சிலையும் மரப்பலகையும் பெரும்பாலும் அதற்குள் வராது. அவை நிலச் சொந்தக்காரருடையவை. வழக்கத்தில் கட்டுமான நிறுவனங்கள் அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. ஆனால் அது வழக்கமே தவிரச் சட்டம் அல்ல. இதில் எனக்கு மனநிறைவு இல்லை. இத்தாலியில் 1909-லிருந்தே மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். ரோமில் மெட்ரோ சி தடத்தின் அம்பா அராடம் நிலையத்தைத் தோண்டியபோது ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் காலத்துப் படைவீரர் குடியிருப்பு, 39 அறைகளோடு, 2016-ல் வெளிப்பட்டது. அங்கே நிலையத்தின் வடிவமைப்பையே மாற்றினார்கள். அதற்கு விலையாக மெட்ரோ வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது என்பதும் உண்மை. லண்டன் முறை வேகமானது, ரோம் முறை உரிமையில் தெளிவானது. இரண்டில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள் என்று சொன்னால், சொத்துரிமையை ரோமிடமிருந்தும் சோதனைக் குழிகளை லண்டனிடமிருந்தும்தான் கேட்பேன்.

அந்தச் சோதனைக் குழிகளின் பலன் 2025-ல் நன்றாகத் தெரிந்தது. லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் ஓர் உயர்ந்த அலுவலகக் கோபுரம் திட்டமிடப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே இருந்த கட்டடத்தின் நிலவறையில் குழிகள் போட்டுப் பார்த்தபோது, லண்டினியத்தின் முதல் பசிலிக்காவின் சுவர்கள் கிடைத்தன. நகரத்தின் நீதியும் நிர்வாகமும் நடந்த மண்டபம், கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. வரைபடம் இன்னும் இறுகவில்லை என்பதால் சுவர்களைக் காட்சிக்கு வைக்கும் வகையில் திட்டத்தை மாற்றிக்கொள்ளக் கட்டுபவர்கள் சம்மதித்தார்கள். 1954-ல் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அன்று முடியவில்லை.

அகழாய்வு முடிந்து மண்வாரிகள் வந்த பிறகும் வேலை தொடர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. சவுத்வார்க்கில் லிபர்ட்டி என்ற கட்டுமானத் தளத்தில் 2022-ல் எட்டு மீட்டர் நீளமுள்ள மொசைக் தரை வெளிப்பட்டபோது எல்லாரும் அதைப் படமெடுத்தார்கள். அதே தளத்தில் குழியில் கொட்டியிருந்த சுவர்ப்பூச்சுத் துண்டுகளை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆயிரக்கணக்கான அந்தத் துண்டுகளைப் பொறுமையாக இணைத்து 2025-ல் இருபது சுவர்களளவு ஓவியத்தை மீட்டிருக்கிறார்கள். ஒரு துண்டில் ‘இதைச் செய்தவர்’ என்று ஓவியர் எழுதியிருக்கிறார். பெயர் இருந்த துண்டு மட்டும் கிடைக்கவில்லை.

நேரில் பார்க்க வேண்டுமென்றால்: வால்புரூக் மித்ராஸ் கோயில் 2017 நவம்பரிலிருந்து, பழைய சிமென்ட்டை நீக்கிச் சுண்ணாம்புக் கலவையில் மறுபடி கட்டப்பட்டு, ரோமானியத் தரைமட்டத்திலேயே, இன்றைய தெருவுக்கு ஏழு மீட்டர் கீழே, ப்ளூம்பெர்க் கட்டடத்துக்குள் இருக்கிறது. கட்டணம் இல்லை. நுழைவாயிலில் சுமார் 600 பொருள்கள் ஒரே சுவரில் அடுக்கியிருக்கின்றன. அம்பர் தலைக்கவசத்தைத் தவறவிடாதீர்கள், நகத்தளவுதான் இருக்கும். மித்ராஸின் தலையும் மற்றப் பளிங்குச் சிலைகளும் லண்டன் அருங்காட்சியகத்தின் உடைமை. அதன் பழைய கட்டடம் 2022 டிசம்பரில் மூடப்பட்டு ஸ்மித்ஃபீல்டுக்கு இடம் மாறுகிறது. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளாசிகியானஸின் கல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். 1988-ல் கில்ட்ஹால் ஓவியக்கூடம் கட்டத் தோண்டும்போது வெளிப்பட்ட ரோமானிய வட்டரங்கம் அந்தக் கூடத்தின் நிலவறையிலேயே இருக்கிறது. மேலே முற்றத்தில் கருங்கல் வளையம் ஒன்றைப் பதித்து அதன் எல்லையைக் காட்டியிருக்கிறார்கள். மித்ராஸ் கோயிலுக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.